பொய் அலாரமும் நம் அந்தரங்கமும்: விமான நிலைய உடல் ஸ்கேனர் பற்றி

விமான நிலையச் சோதனை என்று பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "உயிர் இருந்தால்தானே மானம், பார்த்துவிட்டுப் போகட்டும்" என்பார்கள் ஒரு பக்கம். "என் உடம்பைப் பார்க்க இவர்கள் யார்" என்பார்கள் இன்னொரு பக்கம். இந்த வாக்குவாதத்தில் இரண்டு தரப்பும் இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. அதைப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும் என்பது என் எண்ணம்.

சோதனை இடத்தில் நம் அந்தரங்கம் பறிபோவது முக்கியமாக இரண்டு வழிகளில். ஒன்று, ஆபத்தே இல்லாத பொருளுக்கு அடிக்கிற அலாரம். மற்றொன்று, வேலை முடிந்த பிறகும் அழிக்காமல் வைத்திருக்கிற பதிவு. இரண்டையும் குறைத்தால் பாதுகாப்பு குறையாது. காவலரின் கவனம் தேவையான இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2009 முதல் 2013 வரை உடல் ஸ்கேனர்களுக்கு நடந்தது இதற்கு நல்ல சான்று.

2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன நார்த்வெஸ்ட் 253 விமானத்தில், உமர் ஃபாரூக் அப்துல்முத்தல்லப் என்பவர் உள்ளாடையில் தைத்து வைத்திருந்த வெடிமருந்தைப் பற்றவைக்கப் பார்த்தார். சுமார் 76 கிராம் பிஇடிஎன். அது வெடிக்காமல் எரிந்தது. சக பயணிகள் அவரை மடக்கினார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் அவர் மெட்டல் டிடெக்டர் வழியாகத்தான் வந்திருந்தார். மெட்டல் டிடெக்டர் என்பது கம்பிச் சுருளில் மின்துடிப்பு விட்டு, அருகில் வரும் உலோகத்தில் எழும் எதிர்த்துடிப்பைக் கேட்கும் கருவி. பிஇடிஎன் வெறும் பொடி. கிலோக் கணக்கில் கட்டிக்கொண்டு வந்தாலும் அது சத்தம் போடாது. ஆகவே உலோகம் அல்லாததையும் உடைக்குள் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்ற தேவை உண்மையானது. அதை மறுத்துப் பேசுவதில் பயனில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமையான டிஎஸ்ஏ இரண்டு வகைக் கருவிகளை வேகமாக நிறுவத் தொடங்கியது. ஒன்று எல்-3 நிறுவனத்தின் புரோவிஷன். கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும். உள்ளே கையை மேலே தூக்கி நிற்க வேண்டும். இரண்டு ஆன்டெனாத் தூண்கள் நம்மைச் சுற்றி ஒரு வீச்சு சுழலும். ஒன்றரை நொடியில் வேலை முடியும். 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை துணியைத் தாண்டி, தோலில் பட்டுத் திரும்பும். தோலுக்கும் துணிக்கும் நடுவில் எது இருந்தாலும் திரும்பி வரும் அலையில் வித்தியாசம் தெரியும். இரண்டாவது, ராபிஸ்கேன் நிறுவனத்தின் செக்யூர் 1000. இரண்டு பெரிய பெட்டிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். மெல்லிய எக்ஸ்ரே கற்றை உடம்பை வரிவரியாகத் தடவும். உடம்பிலிருந்து சிதறித் திரும்புவதை வைத்துப் படம் வரையும். சதை எக்ஸ்ரேயை நன்றாகச் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரியும். உலோகம் அதை விழுங்குவதால் கறுப்பாகத் தெரியும். இந்தக் கறுப்பு வெளுப்பு விஷயத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கதிர்வீச்சைப் பற்றி அன்று பெரிய பயம் இருந்தது. ஒரு ஸ்கேனுக்கு 0.1 மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு. விமானம் உயரத்தில் பறக்கும்போது சில நிமிடங்களில் வாங்குகிற அளவுதான். ரேடியோ அலையில் இயங்கும் புரோவிஷன் போன்ற மில்லிமீட்டர் அலைக் கருவியில் எக்ஸ்ரேயே கிடையாது. பிரச்சினையின் மையம் அங்கே இல்லை. படத்தில் இருந்தது.

முதல் தலைமுறைக் கருவிகள் ஆடை இல்லாத உடம்பின் வடிவத்தை அப்படியே காட்டின. வெள்ளிச் சிலை போல ஒன்று, சுண்ணாம்பில் தீட்டியது போல மற்றொன்று. டிஎஸ்ஏ செய்த ஏற்பாடு இது: படத்தைப் பார்ப்பவர் வேறு அறையில் பூட்டிக்கொண்டு இருப்பார், அவருக்குப் பயணியைத் தெரியாது, பயணிக்கு அருகில் நிற்பவருக்குப் படம் தெரியாது, இருவரும் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள், அறைக்குள் செல்போனோ கேமராவோ கொண்டுபோகக் கூடாது. மோசமான ஏற்பாடு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் முழுக்க மனிதர்களின் ஒழுக்கத்தை நம்பி நின்ற ஏற்பாடு. கருவிக்குள் அப்படிப்பட்ட கட்டுப்பாடு எதுவும் இல்லை.

அது எப்படித் தெரிய வந்தது? தனியுரிமைக்காக வழக்காடும் எபிக் என்ற அமைப்பு தகவல் கேட்டு வாங்கிய கொள்முதல் ஆவணங்கள் 2010 ஜனவரியில் வெளிவந்தன. கருவியைச் சரிபார்ப்பதற்கான 'டெஸ்ட் மோட்' முறையில் இயங்கும்போது படத்தைச் சேமிக்கவும் வெளியே அனுப்பவும் கருவிக்கு வசதி இருக்க வேண்டும் என்று டிஎஸ்ஏவே அதில் நிபந்தனை போட்டிருந்தது. விமான நிலையத்தில் அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அதே ஆண்டு, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நீதிமன்ற வாசலில் வைத்திருந்த வேறொரு வகை ஸ்கேனர் 35,000க்கும் மேற்பட்ட படங்களைச் சேமித்து வைத்திருந்தது வெளியே வந்தது. அதை இயக்கியது டிஎஸ்ஏ இல்லை, அமெரிக்க நீதிமன்றங்களுக்குக் காவல் இருக்கும் யு.எஸ். மார்ஷல் சேவை. தரம் குறைந்த, மங்கலான படங்கள்தான். இருந்தாலும் உணர்த்த வேண்டியதை உணர்த்திவிட்டன. சேமிக்கும் திறன் உள்ள கருவி, யாராவது ஒருவர் அமைப்பை மாற்றாமல் விட்டால் சேமித்துக்கொண்டே இருக்கும். "அணைத்து வைத்திருக்கிறோம்" என்பதும் "அந்த வசதியே இல்லை" என்பதும் ஒன்றல்ல. எந்தச் சோதனைக் கருவியைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

தீர்வு மென்பொருளில் வந்தது. திரும்பி வரும் அலையை மனிதர் பார்ப்பதற்குப் பதில் மென்பொருளே அலசும். வித்தியாசமாக ஏதாவது இருந்தால், எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஒரு பொம்மை உருவத்தின் மேல் அந்த இடத்தில் மஞ்சள் கட்டம் போடும். எதுவும் இல்லையென்றால் பச்சைத் திரையில் 'ஓகே' வரும். உடம்பின் படம் யாருக்கும் உருவாவதே இல்லை. திரை கூண்டுக்கு வெளியே பயணியும் பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்: காவலர் பார்ப்பதை நானும் பார்க்கிறேன். எங்கே கட்டம் விழுந்தது, எதற்காகத் தொடப் போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். பூட்டிய அறையும் அங்கே உட்கார ஓர் ஆளும் தேவையில்லாமல் போனது கூடுதல் லாபம்.

இந்த மென்பொருள் 2011 ஜூலையில் அமெரிக்காவின் மில்லிமீட்டர் அலைக் கருவிகளில் ஏறத் தொடங்கியது. அதே மாதம் வாஷிங்டனில் உள்ள கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் எபிக் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஸ்கேனர் அரசியலமைப்புக்கு விரோதம் இல்லை. ஆனால் மக்கள் கருத்தைக் கேட்காமல் இதை முதல்நிலைச் சோதனையாக்கியது தவறு, விதிமுறைப்படி கருத்துக் கேட்க வேண்டும் என்றது. இறுதி விதி வர 2016 மார்ச் ஆகிவிட்டது. உண்மையில் காரியத்தை நகர்த்தியது 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட கெடு. எல்லா உடல் ஸ்கேனரிலும் பொம்மை உருவ மென்பொருள் இருக்க வேண்டும், நீட்டிப்பு கொடுத்தாலும் 2013 ஜூன் 1க்கு மேல் கிடையாது. புரோவிஷன் தப்பித்தது. ராபிஸ்கேனால் தன் கருவிக்கு அந்த மென்பொருளைக் கெடுவுக்குள் தயாரிக்க முடியவில்லை. 2013 ஜனவரியில் டிஎஸ்ஏ ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பெரிய நிலையங்களிலிருந்து முந்தைய ஆண்டே எடுத்த 76 போக, மிச்சமிருந்த 174 கருவிகளும் மே மாத இறுதிக்குள் வெளியேறின.

ஐரோப்பா இதே விஷயத்தை வேறு முறையில் அணுகியது. 2011 நவம்பரில் வந்த ஒன்றிய விதிகள் எக்ஸ்ரே வகையை அனுமதிக்கவே இல்லை. படத்தைச் சேமிக்கவோ, நகலெடுக்கவோ, அச்சிடவோ கூடாது. மனிதர் பார்க்கும் கருவி என்றால் அவர் தனி இடத்தில் இருக்க வேண்டும். ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லப் பயணிக்கு உரிமை உண்டு, மாற்றுச் சோதனை கொடுக்க வேண்டும். கருவிகள் பரவலாவதற்கு முன்பே எழுதிய விதி இது.

எக்ஸ்ரே கருவியை வெளியேற்றியதால் பாதுகாப்பு குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு 2014இல் வந்த ஓர் ஆய்வு பதில். சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலை, மிச்சிகன் பல்கலை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இணையச் சந்தையில் ஒரு செக்யூர் 1000 கருவியை வாங்கிச் சோதித்தார்கள். உலோகம் கறுப்பாகத் தெரியும் என்றேனே, உடம்புக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடமும் அந்தப் படத்தில் கறுப்பு. துப்பாக்கியை உடம்பின் பக்கவாட்டில், விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி வைத்தால் கறுப்பில் கறுப்பு கலந்து மறைந்துவிடுகிறது. முன்னும் பின்னும் மட்டும் படம் எடுக்கும் கருவியில் பக்கவாட்டுப் படம் கிடையாது. ஆக, லட்சக்கணக்கானவர்களின் உடம்பைக் காட்டிய கருவி, காட்ட வேண்டிய துப்பாக்கியைக் காட்டத் தவறக்கூடியதாக இருந்தது. அந்தரங்கத்தைக் கொடுத்துவிட்டோம், பதிலுக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்கும் என்று நாம் போடும் மனக்கணக்குக்கு ஆதாரமே இல்லை. புரோவிஷன் மட்டும் குறையில்லாதது என்று சொல்லவில்லை. 2015இல் கசிந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தணிக்கையில், மாறுவேடத்தில் போன அதிகாரிகள் 70 முயற்சிகளில் 67இல் தடைசெய்யப்பட்ட பொருளோடு சோதனையைத் தாண்டியிருந்தார்கள். கருவி, ஆள், நடைமுறை மூன்றும் சேர்ந்து தோற்ற கணக்கு அது.

கண் போய்க் கை வந்த கதை

பொம்மை உருவம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. முன்பு படத்தைப் பார்த்தவருக்கு, இது சட்டைப் பொத்தான், இது துணி மடிப்பு என்று புரியும்; விட்டுவிடுவார். மென்பொருளுக்கு அந்தத் தெளிவு குறைவு. அது சந்தேகப்பட்டால் கட்டம் போடும். கட்டம் விழுந்தால் கை வரும். கண்ணால் பார்ப்பது போய்க் கையால் தொடுவது வந்தது. எந்த இடத்தில் கட்டம் விழுகிறது என்பதைப் பொறுத்து இரண்டாவது முதலாவதை விட மோசமாகவும் இருக்கலாம். அதனால்தான் பொய் அலாரத்தின் விகிதத்தை ஏதோ தொழில்நுட்பப் புள்ளிவிவரம் என்று ஒதுக்க முடியாது. பத்துப் பேரில் எத்தனை பேரை வீணாகத் தொட வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண்.

ஜெர்மனி 2010 செப்டம்பரிலிருந்து 2011 கோடை வரை ஹாம்பர்க் விமான நிலையத்தில் இந்தக் கருவிகளைச் சோதித்தது. பொய் அலாரம் 54 சதவீதம். பாதிக்கு மேற்பட்டோரை ஒன்றுமில்லாததற்குத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. காரணங்கள்: துணி மடிப்பு, பொத்தான், பல அடுக்கு உடை, வியர்வை. மில்லிமீட்டர் அலை உலர்ந்த மெல்லிய துணியைத்தான் எளிதாகத் தாண்டும். மடித்து மடித்துத் தடித்த துணியில் அலை நெளியும். ஈரத்தில் பட்டால் தோலில் பட்டது போலவே திரும்பும். ஜெர்மனி அப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தது.

இதைப் படிக்கும்போது நம் உடை நினைவுக்கு வராமல் இருக்காது. புடவையின் கொசுவம் என்பது இடுப்பில், தொப்புளுக்குக் கீழே, ஏழெட்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய இடம். அதன் மேல் உள்பாவாடை நாடா முடிச்சு. பட்டுப்புடவை என்றால் ஜரிகையில் உலோகம் வேறு. முந்தானையில் ஊக்கு. கருவிக்கு அந்த இடம் முழுக்கச் சந்தேகம்தான். கட்டம் விழுவதும் தொட யாரும் கூசுகிற இடத்தில். தடித்த பின்னலும் கொண்டையும் இதே காரணத்தால் தலையில் கட்டம் வாங்கும். அதில் ஈரமான மல்லிகைச் சரம் இருந்தால் சொல்லவே வேண்டாம். சீக்கியர் தலைப்பாகைக்கும் கறுப்பினப் பெண்களின் சடைகளுக்கும் அடிக்கடி தனிச் சோதனை நடப்பது அமெரிக்காவில் நீண்ட நாள் குறை. மேற்கத்திய உடையிலும் முடியிலும் பழகிய மென்பொருளுக்கு மற்றதெல்லாம் விதிவிலக்காகத் தெரிந்தால் அது மென்பொருளின் குறை, உடையின் குறையில்லை.

பாலினப் பொத்தான் இன்னொன்று. பயணி உள்ளே நின்றதும் காவலர் திரையில் நீலத்தையோ இளஞ்சிவப்பையோ அழுத்துவார். ஆணுக்கு ஒரு எதிர்பார்ப்பு, பெண்ணுக்கு ஒன்று என்று மென்பொருள் ஒப்பிடும். காவலர் ஒரு பார்வையில் தவறாக அழுத்தினால் மார்பிலோ தொடைச் சந்திலோ அலாரம் உறுதி. திருநங்கையரும் திருநம்பிகளும் இதனால் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. பாலினம் கேட்காத புதிய மென்பொருளை டிஎஸ்ஏ 2022இல் அறிவித்து, 2023 முதல் ஏற்றத் தொடங்கியது. அதற்கு முகமையே சொன்ன காரணங்களில் ஒன்று, பொய் அலாரம் குறையும் என்பது. ஒருவரின் மானத்தைக் காத்ததும் சோதனையின் துல்லியத்தைக் கூட்டியதும் ஒரே மாற்றம்தான்.

ஆளைத் தொடாமல், படமும் எடுக்காமல் வெடிமருந்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முயன்றிருக்கிறார்கள். 2004 முதல் டிஎஸ்ஏ 'பஃபர்' என்ற கூண்டுகளை நிறுவியது. உள்ளே நின்றால் காற்றை ஊதும். உடையிலிருந்து பறக்கும் துகளை உறிஞ்சி ஆராயும். அந்தரங்கத்துக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது. ஆனால் 200க்கு மேல் வாங்கியதில் நிறுவியது சுமார் 100தான். ஆய்வுக்கூடத்தில் ஓடிய கருவி, விமான நிலையத்துத் தூசியிலும் ஈரக் காற்றிலும் திணறியது, 2009இல் கைவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம்தான். நல்ல யோசனை, இடத்தில் வைத்துச் சோதிக்காமல் வாங்கியதால் செத்தது.

இப்போது எஞ்சியிருப்பது கையைத் துடைத்துப் பார்க்கும் துணித்துண்டு. அதைக் கருவிக்குள் செருகினால் சூடேற்றி, ஆவியை மின்னேற்றி, குழாயில் ஓடவிட்டு, மறுமுனைக்கு எத்தனை மில்லிநொடியில் வருகிறது என்று பார்க்கும். வெடிமருந்து மூலக்கூறுக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தை ஒட்டி வேறு எது வந்தாலும் அலாரம். கிளிசரின் கலந்த கைக்களிம்பு, வயல் உரம், பட்டாசு மருந்து, நெஞ்சுவலிக்கு வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை எல்லாம் இதில் மாட்டும். பெற்றோருக்கு இதய மருந்து இருந்தால் மருத்துவச் சீட்டைக் கைப்பையில் மேலாக வையுங்கள். கிளம்புவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சோதனை முடிகிற வரை களிம்பு தடவாமல் இருந்தால் பாதித் தொல்லை தீரும். அலாரம் அடித்தால் பதறக் கூடாது. மறுபடி துடைத்துப் பார்ப்பார்கள், பையைத் திறப்பார்கள், முழு உடல் சோதனை வரும். அந்த முழுச் சோதனையைத் தனி அறையில் கேட்கலாம்.

அமெரிக்கப் பயணத்துக்கான நடைமுறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். கூண்டுக்குள் போகும் முன் சட்டைப்பை முழுக்கக் காலி செய்யுங்கள். கைக்குட்டை, மடித்த காகிதம், போர்டிங் பாஸ் கூடக் கட்டம் வாங்கும். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. கனமான கொடியாக இருந்தால் மார்பில் கட்டம் விழலாம். பெண் காவலர் அந்த இடத்தை மட்டும் பார்ப்பார், கொடியை வெளியே எடுத்துக் காட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். வெள்ளி அரைஞாண், மெட்டி ஆகியவற்றை முன்பே சொல்லிவிடுவது நல்லது. நீண்ட பயணத்துக்குப் புடவையே கட்டுவதென்றால் ஜரிகை குறைந்த மெல்லிய துணி, அகலமாக எடுத்த குறைந்த மடிப்புகள். காலடித் தடத்தின் மேல் காலை வைத்து, கையைச் சரியாகத் தூக்கி, அசையாமல் நில்லுங்கள். ஸ்கேன் நடக்கும்போது அசைந்தால் அலை குழம்பி இல்லாத கட்டமெல்லாம் விழும்.

கூண்டே வேண்டாம் என்றால், உள்ளே காலை வைக்கும் முன் "ஆப்ட் அவுட்" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பயணிகளுக்கு இந்த உரிமை உண்டு. ஆனால் 2015 டிசம்பரிலிருந்து, சிலரைக் கட்டாயம் ஸ்கேன் செய்ய டிஎஸ்ஏவுக்கு அதிகாரம் இருக்கிறது. பதிலுக்கு முழு உடல் தடவல் சோதனை வரும். உங்கள் பாலினத்துக் காவலர் வரும் வரை காத்திருக்க வேண்டும், கூட்ட நேரத்தில் இது இழுக்கும். அதற்குள் உங்கள் பை ட்ரேயில் அனாதையாகக் கிடக்கும். பை கண்ணில் படும் இடத்துக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். எந்த இடத்தை எப்படித் தொடப் போகிறார் என்பதைக் காவலர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தனி அறை கேட்கலாம், உங்களோடு வந்தவரைச் சாட்சியாகக் கூட வைத்துக்கொள்ளலாம். 12 வயது வரையிலான குழந்தைகளுக்கும் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் இலகுவான நடைமுறை உண்டு. செயற்கைக் கால், வயிற்றில் பொருத்திய கழிவுப் பை, இன்சுலின் பம்ப் போன்றவை இருந்தால் 72 மணி நேரம் முன்பே டிஎஸ்ஏ கேர்ஸ் உதவி எண்ணில் பேசி வைக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: சோதனை தொடங்கிய பிறகு "எனக்குப் பயணமே வேண்டாம், திரும்பிப் போகிறேன்" என்று விலக முடியாது. 2007இல் 9ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது.

நம் ஊரில்

இந்தியாவில் கணக்கே தலைகீழ். அங்கே அலாரம் அடித்தால் தொடுகிறார்கள். இங்கே அலாரம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் எல்லாரையும் தொடுகிறார்கள். மெட்டல் டிடெக்டர் வாசலைத் தாண்டியதும் சின்ன மேடையில் ஏறிக் கையை விரித்து நிற்க வேண்டும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் கைக்கருவியை ஓட்டுவார், தடவியும் பார்ப்பார். பெண்களுக்குத் திரை போட்ட தனித் தடுப்பு, உள்ளே பெண் காவலர். ஆண்களுக்குத் திரை கிடையாது, பின்னால் வரிசையே வேடிக்கை பார்க்கும். தினமும் லட்சக்கணக்கானவர்களைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டில் காவலரின் கையும் மணிக்கணக்கில் உழைத்துச் சோர்கிறது. சோர்ந்த கை எதையும் கண்டுபிடிக்காது.

ஆகவே உடல் ஸ்கேனரால் அந்தரங்கம் கூடும் இடம் என்று ஒன்று இருந்தால் அது நம் விமான நிலையம்தான். சிவில் விமானப் பாதுகாப்பு முகமை 2019 ஏப்ரலில் 84 விமான நிலையங்களுக்கு ஸ்கேனர் வைக்க உத்தரவிட்டது. மில்லிமீட்டர் அலை, பொம்மை உருவம் என்று சரியாகவே கேட்டிருந்தது. கெடு ஓராண்டுக்குள். அது தள்ளித் தள்ளிப் போனது. தாமதம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்கும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சென்னையில் மே மாதம், வெளியே வியர்த்துவிட்டு உள்ளே வருகிற ஆட்களை வைத்து, புடவை, வேட்டி, சுடிதார், தலைப்பாகை, பர்தா எல்லாவற்றிலும் பொய் அலாரத்தை எண்ணி, அந்த எண்ணை வெளியிட வேண்டும். ஹாம்பர்க் குளிரிலேயே பாதிக்குப் பாதி என்றால், இங்கே சோதிக்காமல் வாங்கிய கருவி வீண் செலவாகவும் முடியும், கூடுதல் தடவலாகவும் முடியும்.

செயற்கை உறுப்பு உள்ளவர்கள் படும் பாடு தனி. நடனக் கலைஞர் சுதா சந்திரன் ஒவ்வொரு பயணத்திலும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வதைப் பற்றி 2021 அக்டோபரில் பொதுவெளியில் பேசிய பிறகுதான் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. செயற்கைக் காலை வெடிமருந்துத் துடைப்புத் துணியால் சோதிக்கலாம். அதைத்தான் முதலில் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கைக்கருவியை நெஞ்சுக்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டிச் சொல்லலாம். அட்டை கையில் இருக்கட்டும், பையில் போட்டால் அது எக்ஸ்ரேக்குள் போயிருக்கும்.

இனி முகம். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி சென்னை வரை வந்துவிட்ட டிஜியாத்ராவைப் பலர் பாதுகாப்புச் சோதனையின் ஒரு பகுதி என்று நினைக்கிறார்கள். அது முகத்தைப் பார்த்து, நீங்கள்தான் டிக்கெட்டுக்கு உரியவர் என்று சொல்லி வாசலைத் திறக்கும் ஏற்பாடு. உடைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைத் தாண்டிய பிறகும் அதே மேடை, அதே தடவல். ஆகவே இங்கே நாம் கொடுப்பது வசதிக்காக, பாதுகாப்புக்காக அல்ல. விவரங்கள் உங்கள் போனிலேயே இருக்கும், விமான நிலையத்துக்கு அனுப்பியது விமானம் கிளம்பி 24 மணி நேரத்தில் அழியும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 2018 கொள்கை ஆவணத்திலேயே, பாதுகாப்புத் தேவைக்கேற்ப அந்த அழிக்கும் கால அளவை மாற்றும் வசதி அமைப்பில் இருக்கும் என்றும், பாதுகாப்பு முகமைகளுக்குத் தகவல் கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தது. "அணைத்து வைத்திருக்கிறோம்" என்பதைத்தான் மறுபடி கேட்கிறோம். டிஜியாத்ரா கட்டாயமில்லை. வாசலில் ஊழியர் போனை வாங்கியோ முகத்தைப் பிடித்தோ பதிவு செய்ய வந்தால், "வேண்டாம், அடையாள அட்டை இருக்கிறது" என்று சொல்லிச் சாதாரண வரிசையில் போகலாம். டிஎஸ்ஏ சாவடியிலும் முகப் படம் வேண்டாம் என்று சொல்லலாம், அட்டையை ஆளே பார்ப்பார். அமெரிக்க எல்லைக் காவலில் நிலைமை வேறு: அந்நாட்டுக் குடிமக்களின் படத்தை 12 மணி நேரத்தில் அழிப்பவர்கள், மற்ற நாட்டவரின் படத்தை 75 ஆண்டு வரை வைத்திருக்கிறார்கள். வைத்திருந்தால் என்ன ஆகும்? 2019இல் அந்த எல்லைக் காவல் அமைப்பின் ஒப்பந்த நிறுவனம் ஒன்று, அனுமதியின்றித் தன் கணினிக்கு நகலெடுத்து வைத்திருந்த பயணிகளின் சுமார் 1,84,000 முகப் படங்கள் திருட்டுப் போயின. சில படங்கள் இருண்ட இணையத்தில் வந்தன. கடவுச்சொல்லை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது.

சோதனையில் வரம்பு மீறினார்கள் என்று தோன்றினால், அந்த இடத்திலேயே மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம், விமானம் போய்விடும். தேதி, நேரம், முனையம், எத்தனையாவது வரிசை, சீருடையில் இருந்த பெயர் அல்லது எண் ஆகியவற்றைப் போர்டிங் கேட்டில் உட்கார்ந்ததும் எழுதி வைத்துவிடுங்கள். இந்தியாவில் ஏர்சேவா தளத்திலும், அமெரிக்காவில் டிஎஸ்ஏ தளத்தில் உள்ள புகார்ப் படிவத்திலும் பதிவு செய்யலாம். ஊர் போய்ச் சேர்ந்து ஓய்வெடுத்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கேமராப் பதிவுகள் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அழிந்துவிடும். புகாரில் அந்த நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி தனி வரியில் கேட்டு எழுதுங்கள்.